கானலிலிருந்து வரும் ஒட்டகம்

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தில் ஓமர் ஷெரீஃப் அறிமுகமாகும் காட்சி இது. ஜோர்டான் பாலைவனத்தில் எடுத்தது. இப்படத்துக்காக ஆஸ்கர் பெற்ற ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங், இந்தக் காட்சிக்கு பானாவிஷனின் 482 மி.மீ. லென்ஸைப் பொருத்தினார். குவியத் தொலைவு கூடக்கூட லென்ஸுக்குள் அடங்கும் பரப்பு குறுகும். எட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

முதலில் கானலில் ஒரு கரும்புள்ளி நடுங்குகிறது. அது மெல்ல நீண்டு, ஒட்டகமும் அதன்மேல் ஆளுமாகத் துலங்குகிறது. ஒட்டகம் விரைந்துதான் வருகிறது. ஆனாலும் உருவம் வளரக் காணோம். அவ்வளவு தூரத்தில் நூறு அடி கடந்தாலும் அளவில் மாற்றம் தெரியாது. பார்ப்பவருக்குப் பதற்றம் ஏறுவது இந்தக் காத்திருப்பில்தான். அகலக் கோண லென்ஸில் இதே வருகை நெடுநேரம் வெறும் மணலாகவே இருந்திருக்கும். கேமராவை நெருங்கிய பிறகே ஆள் சட்டென்று பெரிதாகியிருப்பார்.