மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்: சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்

தீராத தலைவலிக்கோ முதல் வலிப்புக்கோ எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ‘ரத்த நாளக் குறைபாடு’ என்று வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. எந்த நேரமும் வெடித்துவிடுமோ என்ற பயத்தில், அடுத்து நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரத்தம் கசிந்து மயங்கி விழுந்தவருக்கு நிலைமை வேறு. அங்கே உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து உயிரைக் காப்பதுதான் வேலை. ஆனால் நடமாடிக்கொண்டிருப்பவருக்கு அந்த அவசரம் பெரும்பாலும் தேவையில்லை. சில வேளை ஆபத்தும்கூட. எந்த வகைக் குறைபாடு, மூளையில் எங்கே இருக்கிறது, இதுவரை கசிந்திருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் யாரும் சம்மதம் தர வேண்டியதில்லை.

‘ரத்த நாளக் குறைபாடு’ என்ற ஒரே பெயரின் கீழ் வருபவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. சிரைகள் பிறவியிலேயே வேறு தடத்தில் அமைந்துவிடுவது ஒரு வகை. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தால், மெல்லிய சிரைகள் பல, தடித்த ஒரு சிரையில் வந்து கூடுவது தெரியும். அதிகம் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் தொல்லை தராது. இதை எடுக்கப் போனால்தான் கேடு. அக்கம்பக்கத்து மூளைத் திசுவின் ரத்தம் இந்த வழியாகவே வெளியேறுவதால், வழி அடைபட்டால் அந்தப் பகுதி வீங்கிச் செயலிழக்கும். நுண்குழாய்கள் விரிந்திருக்கும் வகையும் பொதுவாகச் சாதுவானதே. கேவர்னோமா அப்படியல்ல. மெல்லிய சுவர் கொண்ட ரத்த அறைகளின் கொத்து அது; படத்தில் சோளப்பொரி போல வெள்ளையும் கறுப்புமாக, சுற்றிலும் ஒரு கரிய வளையத்தோடு தெரியும். பழைய கசிவுகள் விட்டுச்சென்ற இரும்புதான் அந்த வளையம். ஏ.வி.எம். என்பதில் தமனி, நுண்குழாய்களைத் தாண்டி நேரே சிரையோடு பிணைந்திருக்கும். ரத்தம் பாயும் வேகத்தில் கருவியால் சிக்னலைப் பிடிக்க முடியாததால், நாளங்கள் நெளிந்த கரிய கோடுகளாகத் தெரியும். இதில் ரத்தம் கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் என்பது பொதுவான கணக்கு.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று என்பதாலேயே எல்லாம் தெரிந்துவிடாது. எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படம் எடுக்காவிட்டால் சிறிய கேவர்னோமாக்கள் தப்பிவிடும். குடும்பத்தில் பலருக்கு இருக்கும் பரம்பரை வகையில் இது முக்கியம். மாறாக, கேவர்னோமாவில் ரத்தம் மெதுவாக நகர்வதால் ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் அது தெரியாது, ஏ.வி.எம்.முக்கோ நாளங்களின் போக்கைத் துல்லியமாக அறிய இன்னமும் ஆஞ்சியோகிராம்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்தவருக்குச் கடோலினியம் கலந்த சில வகைக் கான்ட்ராஸ்ட் ஊசிகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக வைக்கும் நோயைத் தரலாம் என்பதால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். காந்தமும் விளையாட்டல்ல: 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனபோது, கருவியால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

‘என்றைக்காவது வெடிக்கப் போவதை இன்றே எடுத்துவிட்டால் என்ன?’ என்பது நியாயமான கேள்வி. இதைச் சோதித்ததுதான் அரூபா ஆய்வு. கசியாத ஏ.வி.எம். உள்ள 223 பேரின் முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தன. மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், அறுவை, நாளத்தை அடைத்தல், கதிர்வீச்சு ஆகியவற்றில் ஒன்றுக்கேனும் உட்படுத்தப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஆய்வு மூன்றாண்டுகூடப் பின்தொடரவில்லை, இன்னும் ஐம்பது ஆண்டு வாழப்போகும் இளைஞருக்கு இது பொருந்துமா என்று அறுவை நிபுணர்கள் கேட்பதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அவருக்குக் கணக்கு மாறலாம். கேவர்னோமாவிலும் அப்படித்தான். 1,620 பேரை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து ஒருமுறையும் கசியாதவர்களில் ஐந்தாண்டில் கசிந்தது ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு. மூளைத்தண்டில் ஏற்கெனவே கசிந்தவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு. எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, “என் வயதுக்கு, இந்த இடத்தில், சும்மா விட்டால் என்ன ஆபத்து, தொட்டால் என்ன ஆபத்து?” என்பதைத்தான்.

‘மருத்துவம் படிக்காதவர் கேட்டு என்ன புரியும்?’ என்பார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாற்று வழிகளையும், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியதையும் விளக்க வேண்டும் என்றது. ஆகவே ஆஞ்சியோகிராமுக்கு மட்டும் கையெழுத்திட்டவருக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, அதே மேசையில் நாளத்தை அடைத்துவிடக் கூடாது. இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நரம்பியல் கதிரியக்க நிபுணர் பார்க்க வேண்டியது மூலப் படத்தையே. ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். சம்மதமின்றிச் சிகிச்சை செய்ததாலோ, கவனக்குறைவாலோ கேடு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம், இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றம் போகலாம்.