கை சொல்வதும் இருபதாவது சலவை சொல்வதும்

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் பழக்கடைக்காரர்கள் நறுக்கிய துண்டுகளைத் தட்டில் வைத்திருப்பார்கள். ஒரு துண்டு முலாம்பழத்தை வாயில் போட்டுப் பார்த்து, இனித்தால் பழத்தை வாங்கலாம். தட்டில் இருந்த துண்டுக்கும் வீட்டில் நறுக்கப்போகும் துண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பதால் அந்த நம்பிக்கை நியாயமானது. சந்தையிலிருந்து கிழக்கே சில தெருக்கள் நடந்தால் பிளாஸா செயின்ட்-ஹூபெர்ட் கடைவீதி வந்துவிடும். அங்கே டி-சர்ட் வாங்குகிறவரும் இதே முறையைத்தான் கையாள்கிறார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். மெத்தென்று இருந்தால் எடுத்துக்கொள்கிறார். கணக்கு பிசகுவது இங்கேதான். தொட்டு உணர்ந்த அந்த மென்மை துணியின் சொந்த மென்மையா, அதன் ஆயுளிலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கொடுத்ததா என்று விரல் நுனிக்குத் தெரியாது. குறைந்த விலை டி-சர்ட்டில் சுகம் வேண்டுமா, உழைப்பு வேண்டுமா என்று நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இந்தக் குழப்பத்திலிருந்து பிறப்பது. இருபது முறை துவைத்த பிறகு உடம்புக்கு எது இதமாக இருக்கிறதோ அதைத்தான் சுகம் என்று கொண்டால், சுகமும் உழைப்பும் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருவதைப் பார்க்கலாம்.

கடை மென்மை எப்படி உண்டாகிறது என்பது திருப்பூரில் பனியன் தொழில் செய்பவர்களுக்கு அன்றாட விஷயம். டி-சர்ட் துணியை நெய்வதில்லை. வட்டப் பின்னல் எந்திரத்தில் வளையம் வளையமாகப் பின்னுகிறார்கள். சாயம் ஏற்றியதும் பல துணிகளுக்கு 'பயோ வாஷ்' கொடுப்பார்கள். பருத்தியின் செல்லுலோஸைத் தின்னக்கூடிய செல்லுலேஸ் என்ற என்சைமில் துணி ஊறும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்தான் முதலில் கரையும், துணி வழவழப்பாகிவிடும். அளவோடு செய்தால் இது நல்ல வேலை, ஏனென்றால் பிசிர் போனால் துணி உருண்டை கட்டுவதும் குறையும். நேரமும் மருந்தும் கூடிவிட்டால் என்சைம் பிசிரோடு நிற்காமல் நூலையே அரிக்கத் தொடங்கும். துணியின் எடையும் பலமும் இறங்கும். கடைசியாகச் சிலிகான் சாஃப்ட்னர் ஏற்றுவார்கள். இழையின் மேல் படியும் மெல்லிய பூச்சு அது. கடையில் நம் விரல் முதலில் சந்திப்பது அதைத்தான். ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது போய்விடும், மிச்சமிருப்பது நூல் மட்டும். பூச்சு போனதும் சொரசொரக்கும் டி-சர்ட் நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

பூச்சில்லாமல் நூலிலேயே வரும் மென்மை வேறு. ஒரு பஞ்சுப் பொதியில் நீள இழையும் குட்டை இழையும் கலந்தே இருக்கும். நூற்பாலையில் 'கோம்பிங்' என்ற கட்டத்தில், தலை சீவுவதுபோல் நுண்ணிய சீப்புகளால் பஞ்சைச் சீவிக் குட்டை இழைகளைக் கழித்துவிடுவார்கள். பஞ்சில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குகூட இப்படிக் கழிவாகிப் போகலாம். அதனால்தான் கோம்டு நூல், கோம்பிங் செய்யாத கார்டட் நூலைவிட விலை கூடுதல். கழித்த அந்தக் குட்டை இழை நூலில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய டி-சர்ட் ஒன்றின் அக்குள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். குட்டை இழையின் முனை நூலுக்குள் பிடிமானமில்லாமல் வெளியே வரும். தோலில் உறுத்துவது அந்த முனைதான். கையும் விலாவும் உரச உரச, பக்கத்து முனைகளோடு பின்னிக்கொண்டு கடுகளவு உருண்டையாவதும் அதே முனைதான். உருண்டை உதிரும்போது நூலிலிருந்து கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போகும். அந்த இடம் மெலியும். சுகக் குறைவும் ஆயுள் குறைவும் இங்கே ஒரே இழைமுனையின் வேலையாக இருக்கின்றன. அந்த முனையைக் கழிப்பதற்குச் செலவழித்த காசு இரண்டு கணக்கிலும் வரவாகிறது. அந்தக் காசும் பெரிதில்லை. கோம்டு நூலுக்கும் கீழ்த்தர நூலுக்கும் கிலோவுக்குச் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம். நடுத்தர அளவு டி-சர்ட் சுமார் 150 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், ஒரு சட்டைக்கு வரும் கூடுதல் நூல் செலவு பத்து ரூபாய்க்குள் அடங்கும்.

கனமான துணி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பலர் ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கை, மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். கனத்துக்கு மதிப்பு உண்டு: மெலிந்த துணியில் சீக்கிரம் ஓட்டை விழும். ஆனால் அந்த எண் கிராமைச் சொல்லுமே தவிர இழையைச் சொல்லாது. மலிவான ஓப்பன்-எண்ட் (ஓ.இ.) முறையில் நூற்ற தடித்த நூலில் பின்னிய 180 ஜிஎஸ்எம் துணியும், மெல்லிய கோம்டு நூலை நெருக்கிப் பின்னிய 180 ஜிஎஸ்எம் துணியும் தராசில் ஒன்றுதான், தோலுக்கு ஒன்றல்ல. மொன்றியலையே தலைமையிடமாகக் கொண்டு, 1984-இல் தொடங்கி, உலகெங்கும் அச்சிடுவதற்கான வெற்று டி-சர்ட்டுகளை அனுப்பும் கில்டன் நிறுவனத்தின் இரண்டு பிரபலமான வகைகளைப் பார்த்தால் இது விளங்கும். 5000 என்ற எண்ணுள்ள 'ஹெவி காட்டன்' சுமார் 180 ஜிஎஸ்எம். 64000 என்ற 'சாஃப்ட்ஸ்டைல்' சுமார் 153. மெலிந்த இரண்டாவது வகை, ஓ.இ.-யைவிட வழவழப்பான ரிங் முறை நூலில் பின்னியது, உடம்போடு ஒட்டி விழும். சந்தையில் பெட்டி சுமக்கிறவரின் தோளுக்கு முதலாவது பொருந்தும். ஜூலை வெக்கையில் மெட்ரோவில் போகிறவருக்கு இரண்டாவது. ஒரே நிறுவனமே இரண்டையும் விற்கிறது என்பதிலிருந்து, 'நல்ல கனம்' என்று ஒன்று தனியாக இல்லை, உடுத்தும் இடத்தைப் பொறுத்த கனம்தான் உண்டு என்று புரிந்துகொள்ளலாம். நூல் எது என்று தெரிந்துகொள்வது ஒரு காலத்தில் இவ்வளவு சிரமமில்லை. சந்தைக்கும் தெருவுக்கும் பெயராக நிற்கும் ஜான் டலோன், 17-ஆம் நூற்றாண்டில் நியூ ஃபிரான்ஸின் நிர்வாகியாக இருந்தவர். தலை முதல் கால் வரை உடுத்த இந்த நாட்டிலேயே செய்த துணி தன்னிடம் இருப்பதாக 1671-இல் அரசருக்குப் பெருமையோடு எழுதினார். அன்று உடுத்துகிறவருக்குத் துணி நெய்தவரைத் தெரிந்திருக்கும். இன்று தலைமையிடம் மொன்றியலிலும் தையல் மத்திய அமெரிக்காவிலோ வங்காளதேசத்திலோ இருக்கையில், நூல் எது என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. வாங்குகிறவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாலியஸ்டர் கலந்தால் உழைப்பு கூடும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்த இழை பருத்தியைவிட வலுவானது, சுருங்காது, சீக்கிரம் காயும். அந்த வலுவிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: பருத்தியின் உருண்டை உதிர்ந்துவிடும், பாலியஸ்டர் பிடித்துக்கொண்டிருக்கும் உருண்டை உதிராது. வியர்வையின் எண்ணெயையும் அது விடாமல் பிடிப்பதால் துவைத்த பிறகும் வாடை தங்கிவிடுகிறது. கிழியாத துணி என்பதும் உடுத்தத் தோன்றும் துணி என்பதும் ஒன்றல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் காசு பற்றியது. சந்தைக்கு மேற்கே ரயில் பாதையைத் தாண்டினால் பார்க்-எக்ஸ்டென்ஷன். புதிதாகக் குடியேறிய தெற்காசியக் குடும்பங்கள், தமிழர்கள் உட்பட, நிறையப் பேர் வாழும் பகுதி. வாடகை கொடுத்த பிறகு மிஞ்சும் பணத்தில் மூன்று பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கும் தாயிடம் நூல் தரம் பேசுவது எளிது, அவர் இடத்தில் நின்று வாங்குவதுதான் கடினம். ஆனாலும் சேதாரம் அதிகம் அவருக்குத்தான். உதாரணத்துக்கு, 8 டாலர் சட்டை 20 சலவை தாங்கி, 12 டாலர் சட்டை 50 தாங்கினால், ஒரு சலவைக்கு முதலாவது 40 சென்ட், இரண்டாவது 24 சென்ட். விலை கூடியதெல்லாம் உழைக்கும் என்பதும் இல்லை. பிராண்ட் எழுத்துக்குக் கொடுக்கும் காசு நூலுக்குப் போவதில்லை. அதனால் விலைச் சீட்டை விட்டுவிட்டுச் சட்டையை உள்பக்கம் திருப்புவது நல்லது. பின்கழுத்தில் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறதா, ஓரத்தையல் இருந்தால் அது நேராக இறங்குகிறதா, முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல் சீராக ஓடுகிறதா, எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது தெரியும். இதற்கெல்லாம் கூடுதல் காசு வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு ஆயுளைத் தின்பது பெரும்பாலும் டிரையர்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதன் வலையிலிருந்து உரித்தெடுக்கும் சாம்பல் நிற மெத்தையை யோசித்துப் பாருங்கள். அதில் இருப்பது தூசி மட்டுமில்லை, நம் துணிகளின் இழையும்தான். சூட்டில் பருத்தி சுருங்கும். உருண்டு உரசுவதில் தேயும். குளிர்நாட்டில் வேறு வழியில்லை என்பார்கள். ஆனால் மொன்றியலின் பின்சந்துகளில் வீட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே கப்பிகளில் ஓடும் துணிக்கொடிகள் இந்த ஊரின் பழைய அடையாளம். சூடேற்றிய வீட்டின் காற்று குளிர்காலத்தில் வறண்டு கிடப்பதால், உள்ளே ஸ்டாண்டில் விரித்த டி-சர்ட் ஒரே இரவில் காய்ந்துவிடும், அறைக்குக் கொஞ்சம் ஈரப்பதமும் கிடைக்கும்.

மென்மையான தோல் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் நாளிலேயே இதம் வேண்டுமே என்று கேட்டால், அது நியாயம்தான். அவர்களுக்கும் பதில் பூச்சில் இல்லை, கோம்டு நூலில் இருக்கிறது. அதைக் கடையில் கண்டுபிடிக்கத்தான் வழி குறைவு. கனடாவின் சட்டப்படி ஆடையில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று போட்டாக வேண்டும்; நூல் எப்படிச் சீவியது, ஜிஎஸ்எம் எவ்வளவு என்று போடக் கட்டாயமில்லை. ஆகவே நல்ல பருத்தியும் மட்டமான பருத்தியும் '100% பருத்தி' என்ற ஒரே சீட்டோடு பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. அதே சமயம் கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, விற்கும் பொருள் அதன் விலையையும் பயன்படும் விதத்தையும் பார்க்கும்போது நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது. விலைக்குத் தக்க உழைப்பு என்ற இந்த அளவுகோல் குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டுமில்லை, 12 டாலர் டி-சர்ட்டுக்கும் பொருந்தும். விலைக்குத் தக்கதா என்று கணக்குப் பார்க்க நூலின் வகையும் துணியின் கனமும் தெரிய வேண்டும். அந்த இரண்டு வரியைச் சீட்டில் சேர்க்கும்படி கேட்க வாங்குகிறவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.