கள்ளிப் பால் ரப்பர் பால் அல்ல



நம் தோட்டத்து வீடுகளின் முன்வாசலைப் பார்த்தால் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. பழைய பால்மாவு டின், உடைந்த வாளி, பெயிண்டு டப்பா, எது கிடைத்தாலும் அதில் ஒரு செடி. அதிலும் சிவப்புப் பூ பூக்கும் முள்ளுக்கள்ளி பல வீடுகளில் இருக்கிறது. மடகாஸ்கர் தீவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி இது. தண்ணீர் அதிகம் கேட்காது, வெயிலுக்குப் பயப்படாது, வருஷம் முழுக்கப் பூக்கும். ஒரே கொத்தில் எட்டுப் பூ வந்தால் அதிர்ஷ்டம் என்று சீனச் சகோதரர்களும் இதை விரும்பி வளர்க்கிறார்கள்.

இந்தச் செடியை அவ்வப்போது வெட்டிவிடத்தான் வேண்டும். விட்டுவிட்டால் குச்சி குச்சியாக நீண்டு, அடியில் மொட்டையாகிவிடும். ஓடியாடும் பிள்ளைகளின் காலை முள் கீறும். ஆனால் செடி வெட்டுகிற விஷயத்தைச் சுகாதாரப் பகுதியில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம், உங்கள் கண்.

இரண்டும் பால்தான், ஆனால் ஒன்றல்ல

ரப்பர் மரமும் கள்ளியும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கும் மரவள்ளியும்கூட அந்தக் குடும்பம்தான். ரப்பர் மரம் போலவே கள்ளியை வெட்டினாலும் வெள்ளைப் பால் வடியும். நமக்கு ஆபத்து வருவது இங்கேதான். மரம் வெட்டுகிறவர்களுக்குப் பால் புதிதல்ல. கையில் படும், சட்டையில் படும், காய்ந்ததும் உரித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ரப்பர் பாலும் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும் என்றாலும், பலருக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. அந்தப் பழக்கத்தில் கள்ளிப் பாலையும், "பால்தானே, என்ன செய்யும்?" என்று நினைத்துவிடுகிறோம்.

கள்ளிப் பாலில் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் பொருள் இருக்கிறது. தோலில் பட்டால் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் எரியும், தண்ணீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும். முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். முதலில் எரிச்சல் கொஞ்சமாகத்தான் இருக்கலாம். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், கருவிழியின் மேல்தோல் உரிந்து வலி கடுமையாகும்.

டிஸ்பென்சரிக்கு வந்த ஓர் அம்மாவின் கதை இதுதான். தீபாவளிக்கு முன்னால் வாசலைச் சுத்தம் செய்யும்போது கள்ளியை வெட்டியிருக்கிறார். வியர்வையைப் புறங்கையால் துடைத்தபோது பால் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கை தண்ணீர் அடித்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார். விடியற்காலையில் கண் வீங்கி, திறக்க முடியாமல், கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "டிரஸர் ஐயா, சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரிதான் மொளகாத் தூள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு" என்றார். கண்ணைக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். அங்கே மருந்து போட்டு, பத்து நாளில் பார்வை தெளிந்தது.

முள்ளுக்கள்ளி மட்டுமல்ல. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாவற்றிலும் இந்தப் பால் உண்டு. திருகுகள்ளியின் பால் மிகவும் கொடியது. கற்றாழை வேறு சாதி. அதை வெட்டினால் வெள்ளைப் பால் வராது, மஞ்சள் நீர்தான் வரும். வெட்டினால் வெள்ளைப் பால் வருகிற தொட்டிச் செடி எதுவானாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

எப்படி வெட்டுவது?

1. மழையும் காற்றும் இல்லாத நாளாகப் பாருங்கள். பிள்ளைகளைத் தூரமாக விளையாட அனுப்புங்கள்.

2. தொட்டியைத் தரையில் இறக்கி வைத்து வெட்டுங்கள். தலைக்கு மேலே தொங்குகிற தொட்டியை நிமிர்ந்து பார்த்து வெட்டினால் பால் நேரே கண்ணில் சொட்டும்.

3. ரப்பர் கையுறை, நீளக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும். மருந்து அடிக்கும்போது போடுகிற கண்ணாடி இருந்தால் நல்லது.

4. கூர்மையான, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். காய்ந்தது, அழுகியது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை முதலில் எடுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

5. வெட்டுவாயில் தண்ணீர் தெளியுங்கள். பால் வடிவது நிற்கும்.

6. நடுவதற்கு எடுத்த தண்டை நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும்.

7. கழித்த குச்சிகளைக் கனமான பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எரிக்க வேண்டாம், புகையும் கண்ணை எரிக்கும்.

8. கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தில் கை வைக்காதீர்கள்.

அதோடு தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே தேங்கும் தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். தட்டை வாரம் ஒரு முறை கழுவுவது நல்லது.

கண்ணில் பட்டுவிட்டால்

கசக்கவே கூடாது. உடனே குழாயடிக்குப் போங்கள். பால் பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். தலை சாய்த்தால்தான் அழுக்குத் தண்ணீர் மற்றக் கண்ணுக்குப் போகாது. ஒரு கை தண்ணீர் போதாது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு எரிச்சல் குறைந்தாலும் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ வாருங்கள். செடியின் ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தால், எந்தச் செடி என்று டாக்டருக்குத் தெரியும்.

தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, பழைய கண் மருந்தைத் தேடி எடுத்துப் போடுவது ஒன்றும் வேண்டாம். பெரியவர்கள் அன்பால்தான் சொல்வார்கள். ஆனால் கடையில் வாங்கும் சில சொட்டு மருந்துகள், டாக்டர் பார்க்காமல் போட்டால் புண்ணை மோசமாக்கும். நேரத்தோடு சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கண் பழையபடி ஆகிவிடுகிறது. விட்டுவிட்டால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வையே போகலாம்.

மரத்துக்குக் காயம் படாமல், கனம் பார்த்துப் பட்டை சீவுகிறவனுக்கும், செம்பனை உச்சியில் பழுத்த குலையை அண்ணாந்து பார்த்து அறுக்கிறவனுக்கும் கண்தான் மூலதனம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? வாசலில் பூ பூக்கட்டும். அதை வெட்டப் போகும்போது கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.