ஊர் ஏக்கமும் அயலக வாழ்வும்

ஊர் ஏக்கம் என்பது பிறந்து வளர்ந்த இடத்தையும் உறவுகளையும் விட்டுப் பிரிந்தவருக்கு, அவற்றை நினைத்து மனதிலும் உடலிலும் ஏற்படும் துயரம் ஆகும். தூக்கம் கெடுதல், பசியின்மை, வயிற்று வலி, காரணமில்லாமல் அழுகை வருதல், வேலையில் கவனம் நிற்காமை ஆகியன இதன் பொதுவான அறிகுறிகள். படிக்கச் செல்பவர், வேலைக்குச் செல்பவர், திருமணமாகி வெளிநாடு செல்பவர் என யாருக்கும் இது வரலாம். வயதோ படிப்போ இதைத் தடுப்பதில்லை.

இக்கட்டுரை தென்தமிழ்நாட்டின் கரிசல் பகுதியிலிருந்து, குறிப்பாக சங்கரன்கோவில், இளையரசனேந்தல், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து வெளிநாடு செல்வோரை மனதில் வைத்து இந்த ஏக்கத்தின் தன்மையையும், புதிய இடத்தில் வேரூன்றும் வழிகளையும் விளக்குகிறது.

சொல்லின் வரலாறு

ஊர் ஏக்கத்தை மருத்துவம் முதலில் ஒரு நோயாகவே கருதியது. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய சொல் அது. இன்று அச்சொல் பழைய நாள்களை நினைத்து மகிழ்ந்து வருந்தும் மனநிலையைக் குறிக்கிறது. ஊர் ஏக்கத்தை இப்போது மருத்துவர்கள் தனி நோயாக வகைப்படுத்துவதில்லை. பிரிவுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினையாகவே பார்க்கின்றனர்.

தமிழில் பிரிவைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. பொருள் தேடிப் பிரியும் பிரிவைத் தொல்காப்பியம் தனியாகவே பேசுகிறது. கடல் கடந்து செல்லும்போது பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் அந்நூல் கூறுகிறது. சங்கப் பாடல்களில் பிரிந்து சென்றவனைவிட வீட்டில் காத்திருப்பவளின் துயரமே அதிகம் பேசப்படுகிறது. இன்று வளைகுடா நாட்டுக்குத் தனியாகச் செல்லும் தொழிலாளிக்கும் ஊரில் இருக்கும் அவர் மனைவிக்கும் இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

கரிசல் மண்ணும் பெயர்ச்சியும்

ஏந்தல் என்றால் மழைநீரைத் தேக்கி வைக்கும் நீர்நிலை. இளையரசனேந்தல் உள்ளிட்ட கரிசல் ஊர்களில் பெரும்பகுதி நிலம் மானாவாரி. பருவமழை பெய்தால் பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் விளையும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலும் வெளியூர் வேலையும்தான். எனவே பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது இப்பகுதிக்குப் புதிதன்று.

வெளியிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களும் பலர். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்த தெலுங்கு பேசும் மக்கள் கரிசல் காட்டைத் திருத்தி ஊர்களை அமைத்தனர். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலின் கதையே இத்தகைய குடியேற்றம்தான். அம்மக்களின் வழித்தோன்றல்கள் பல வீடுகளில் இன்றும் தெலுங்கு பேசுகின்றனர். அதே சமயம் கரிசல் வட்டாரத் தமிழையும் தங்கள் மொழியாகவே கொண்டுள்ளனர். பழையதைக் கைவிடாமலே புதிய இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஏக்கம் எப்போது வரும்?

கலேர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற கருத்தை விளக்கினார். புதிய நாட்டில் முதலில் எல்லாம் வியப்பாக இருக்கும், பிறகு எரிச்சலும் ஏக்கமும் வரும், மெல்ல மெல்லப் பழகிவிடும் என்பது அதன் சுருக்கம். அடுத்த ஆண்டில் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டினரை ஆராய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். 6 மாதத்துக்குக் குறைவாகவும் 18 மாதத்துக்கு அதிகமாகவும் தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் சிரமப்பட்டதாக அவர் கண்டார்.

இந்த 'முதலில் தேனிலவு' என்ற படம் பல வழிகாட்டி நூல்களில் இன்றும் அப்படியே இடம்பெறுகிறது. ஆனால் நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து கோலின் வார்டு குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. மாணவர்களின் துயரம் வந்திறங்கிய நேரத்தில்தான் உச்சத்தில் இருந்தது. தொழிலாளர் விடுதியில் முதல் இரவைக் கழித்தவர்களுக்கு இந்த இரண்டாவது முடிவே நெருக்கமாகத் தோன்றும். இரும்புக் கட்டிலும், அறிமுகமில்லாத 10 பேரும், புரியாத அறிவிப்புகளும் உள்ள இடத்தில் தேனிலவுக்கு இடமில்லை.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் முதலான ஆய்வாளர்கள் பிற்காலத்தில் முன்வைத்த விளக்கம் நடைமுறைக்கு அதிகம் உதவுகிறது. புலம்பெயர்ந்தவரின் மனதில் இரண்டு தனித்தனிச் சுமைகள் இருக்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஒன்று, விட்டு வந்ததை நினைத்து வருந்துவது. மற்றொன்று, வந்த இடத்தில் பொருந்த முடியாமல் திணறுவது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அம்மாவின் குரலைக் கேட்க ஏங்குபவருக்குத் தொலைபேசி உதவும். மேற்பார்வையாளர் சொல்லும் மலையாளமோ அரபியோ புரியாமல் தவிப்பவருக்கு அதே தொலைபேசி உதவாது. அவருக்கு வேண்டியது 50 சொற்களும், பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஓர் ஆளும். தமக்கு எந்தச் சுமை அதிகம் என்று பிரித்துப் பார்ப்பதே முதல் படி.

கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர்

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள கடையநல்லூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வூரின் தமிழ் முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிழைப்புத் தேடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். அக்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகவே சென்றனர். கடையநல்லூராரோ மனைவி மக்களுடன் சென்று, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் ஒன்றாகக் குடியிருந்தனர்.

1941-இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினர். போருக்குப் பின் 1946-இல் அச்சங்கம் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982 வரை இயங்கியது. இன்றும் சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஊரின் பெயரையே சங்கத்தின் பெயராக வைத்துக்கொண்டு, அந்தச் சங்கத்தின் மூலமே புதிய நாட்டில் பள்ளி நடத்தினார்கள் என்பது. முன் சொன்ன இரண்டு சுமைகளையும் ஒரே அமைப்பு இறக்கி வைத்தது. ஊர்ச் சங்கம் என்றால் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்திக் கலைவது என்று நினைப்பவர்கள் இதைக் கருத வேண்டும். புதிதாக வருபவருக்கு அறை பார்த்துத் தருவதும், மருத்துவமனைக்குத் துணை செல்வதும், பிள்ளைக்குப் பள்ளி சேர்ப்பதும்தான் ஊர்ச் சங்கத்தின் வேலை.

சிங்கப்பூரில் தமிழ் அதிகார மொழிகளுள் ஒன்று. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. தீபாவளி பொது விடுமுறை. அங்கே ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் ஏக்கம் பாதி குறைந்துவிடும். இவ்வசதி எல்லா நாட்டிலும் கிடைக்காது. ஜெர்மனியில் படிக்கச் செல்லும் மாணவருக்கு டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே பெர்லின் இருட்டிவிடுவது பெரிய சோதனை. கரிசல் வெயிலில் வளர்ந்தவர் தம் மனச்சோர்வுக்கு வெளிச்சக் குறைவும் ஒரு காரணம் என்று அறியாமலே இருந்துவிடுவார். பகலில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் வெளியே நடப்பது அங்கு மருந்து போன்றது.

தனியாகச் செல்பவர்

குடும்பத்தோடு குடியேறுபவருக்கும், 2 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாகச் செல்பவருக்கும் ஊர் ஏக்கம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பின்னவரின் ஏக்கத்தோடு கடனும் சேர்ந்திருக்கிறது. நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டியவர், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியாது. அந்த அடைபட்ட உணர்வுதான் சாதாரண ஏக்கத்தை நோயாக்குகிறது. ஆகவே இதற்கான தற்காப்பு விமானம் ஏறும் முன்பே தொடங்க வேண்டும்.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தொழிலாளியிடம் அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு, சேவை வரியும் மட்டுமே. அதற்கு மேல் கேட்பவரிடம் கடன் வாங்கிக் கொடுப்பவர், ஏக்கம் வரும்போது தாங்கிக்கொள்ளும் வலுவையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

இன்னொரு தயாரிப்பு சமையல். நம் பகுதியில் ஆண் பிள்ளைகளுக்கு உலை வைக்கக்கூடச் சொல்லித்தருவது குறைவு. சோறு, ரசம், ஒரு துவையல், முட்டைக் குழம்பு இவ்வளவு தெரிந்தால் போதும். அறையில் சமைத்து நாலு பேருக்குப் பரிமாறுபவர் ஒரே வாரத்தில் அறைக்கு வேண்டியவர் ஆகிவிடுவார். கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் அதிகமாகக் கொண்டு போவதும் நட்புக்கு நல்ல தொடக்கமே.

தொலைபேசி

முன்பு கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். இன்று காணொளி அழைப்பில் வீட்டுக் கோழி கூவுவதுகூடக் கேட்கிறது. இது வரம் என்றாலும், நாள் முழுதும் ஊரோடு பேசிக்கொண்டே இருப்பவர் பக்கத்துக் கட்டில்காரரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்வதில்லை. ஒரு நேரம் குறித்துப் பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. சிங்கப்பூர் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே உள்ளது. துபாய் ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னே உள்ளன. அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, படுக்கும் முன் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இங்கே வீட்டாரும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

வீட்டாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. வாய்க்கால் சண்டை, மாமியார் மருமகள் மனக்கசப்பு எல்லாவற்றையும் இரவு அழைப்பில் கொட்டினால், கேட்பவரால் எதையும் செய்ய முடியாது. அவர் மறுநாள் சாரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டியவர். அதற்காக நல்லது மட்டும் பேசுவது என்றும் ஆகிவிடக் கூடாது. "நல்லா இருக்கேம்மா" என்று மகனும், "இங்க ஒரு குறையும் இல்லப்பா" என்று தாயும் மாறி மாறி மறைப்பதில் இருவரும் தனியாகிப் போகின்றனர். இழவுச் செய்தியை ஒருபோதும் மறைக்கக் கூடாது. வர முடியாவிட்டாலும் இறுதிச் சடங்கைக் காணொளியில் பார்த்து அழுதவருக்கும், மூன்று மாதம் கழித்துத் தெரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பின்னவர் அதன் பிறகு வீட்டார் சொல்லும் எந்த நல்ல செய்தியையும் முழுதாக நம்புவதில்லை.

ஆடித் தபசுக்கோ ஊர்க் கொடைக்கோ வர இயலாத ஆண்டுகளில் அந்நாளை அங்கேயே வைத்துக் கொண்டாடுவது பலருக்கு உதவுகிறது. பொங்கலன்று அறையில் பால் பொங்கினாலும் அது பொங்கல்தான்.

உதவி தேட வேண்டிய நிலை

ஊர் ஏக்கம் கொண்டவர் ஊரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மலர்வார். சிரிப்பு வரும், சாப்பாடு இறங்கும். எதைப் பேசினாலும் முகம் மாறாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழ்வதில் பொருள் இல்லை என்று பேசத் தொடங்கினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கூட இருப்பவர் "ஆம்பளை இப்படி அழலாமா" என்று கேலி செய்வது ஆபத்தானது.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, வெளிநாடுகளில் சிக்கலில் உள்ள தமிழர்களுக்கு உதவுகிறது. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் உள்ள இந்தியச் சமூக நல நிதி, கைவிடப்பட்ட தொழிலாளர்களுக்குத் தங்குமிடம், பயணச் சீட்டு முதலியவற்றுக்குப் பயன்படுகிறது. ஊரில் இருந்து வாடும் குடும்பத்தினர், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். பிரிந்திருக்கும் மனைவியோ வயதான பெற்றோரோ இச்சேவையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வருபவர்

நெடுநாள் அயலகத்தில் இருந்தவருக்கு ஊர் திரும்பிய பின்னும் ஏக்கம் வருவதுண்டு. இம்முறை அது விட்டு வந்த நாட்டைப் பற்றியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா வந்த மலையகத் தமிழர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாயகம் திரும்புவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட அவர்களுக்கு நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள்தாம் அந்நிய மண்ணாக இருந்தன. அறுபதுகளில் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களில் சிலர் மீண்டும் பர்மாவுக்கே போக விரும்பித் தரைவழியாகக் கிளம்பினர். எல்லையில் தடுக்கப்பட்ட அவர்கள் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டனர். அங்கே அங்காள பரமேசுவரி கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்து, இன்றும் வாழ்கின்றனர்.

வளைகுடாவில் 15 ஆண்டு உழைத்துவிட்டு வருபவரும் சிறிய அளவில் இதை உணர்வார். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வீட்டு முடிவுகளை மனைவியே எடுத்துப் பழகியிருப்பார், டீக்கடையில் தெரிந்த முகம் குறைந்திருக்கும். முதல் சில மாதங்கள் அவர் விருந்தாளி போல நடத்தப்படுவார், பிறகு எதற்கெடுத்தாலும் கோபப்படுபவர் என்று பெயர் வாங்குவார். போகும்போது பழகிக்கொள்ள ஓராண்டு கொடுத்த குடும்பம், வரும்போதும் அதே ஓராண்டைக் கொடுக்க வேண்டியிருக்கும்.