அல்லூரும் ஈசானமங்கலமும்: பேராசிரியர் கராஷிமா படித்த இரண்டு ஊர்கள்

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும்போது உத்திரமேரூர் வந்துவிட்டால் எனக்கு உற்சாகம் கூடிவிடும். வகுப்பில் ஒரு குடத்தை வைத்து, ஓலைக்குப் பதில் காகிதத்தில் பெயர்களை எழுதிப் போட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லிக் குடவோலை முறையை நடத்திக் காட்டுவேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி நடத்தி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், நடவு நட்டவங்க பேரும் அந்தக் குடத்துல இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் தகுதிகளைத் தெளிவாகவே சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட பிரம்மதேய ஊரின் சபை. "அப்ப மத்த ஊருல எப்படி சார்?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உத்திரமேரூரை மட்டும் நடத்திவிட்டு, 'சோழர் காலக் கிராமம் இப்படித்தான் இருந்தது' என்று அதுவரை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேனோ!

பதிலைத் தேடியபோதுதான் நொபொரு கராஷிமாவின் ஆய்வு கிடைத்தது. அது நம் மாவட்டத்தைப் பற்றியது என்பதே எனக்கு முதல் வியப்பு.

1933இல் பிறந்த கராஷிமா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தென்னாசிய வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, தமிழ்க் கல்வெட்டுகளை மூலத்திலேயே படிக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய பெயரை நிலைநிறுத்திய தொடக்கக் கால ஆய்வுகளில் ஒன்று 1966இல் வெளிவந்தது. அதன் களம் தஞ்சைப் பெரிய கோயிலும் அல்ல, திருவரங்கமும் அல்ல. திருச்சிக்கு மேற்கே, கரூர் சாலைப் பக்கம், காவிரித் தென்கரையில் இருக்கும் அல்லூரும் அதை அடுத்திருந்த ஈசானமங்கலமும்தான்.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே ஆறு, ஒரே மண். ஆனால் ஈசானமங்கலம் பிரம்மதேயம். அதை நிருவகித்தது சபை. அல்லூரோ வேளாளர் ஊர். அங்கே இருந்த அவையின் பெயரே 'ஊர்' என்பது. முற்காலச் சோழர் காலத்தைச் சேர்ந்த நில விற்பனை, நிலக்கொடைக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு கராஷிமா எளிய கேள்விகளைக் கேட்டார். விற்பவர் யார்? வாங்குபவர் யார்? நான்கு எல்லைகளில் யாருடைய நிலம் சொல்லப்படுகிறது?

ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரில் ஊரார் சேர்ந்து விற்கிறார்கள். ஆகவே, முன்னதில் தனியார் நிலவுடைமை இருந்தது, பின்னதில் நிலம் ஊராரின் கூட்டுடைமையாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார். பிரம்மதேயத்தில் நிலம் உடையவர் ஒருவர், உழுபவர் வேறொருவர். அல்லூரிலோ நிலம் உடையவர்களே பெரும்பாலும் உழவர்களாகவும் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இந்தியக் கிராமம் என்றால் எல்லாம் ஒரே அச்சு, நிலமெல்லாம் பொது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிவைத்ததை இந்த இரண்டு சிற்றூர்கள் அசைத்துவிட்டன.

இரண்டு ஊரை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் அதோடு நிற்கவில்லை. கீழ்க் காவிரிப் பகுதியின் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளைப் பார்த்து, தனியார் நிலவுடைமை பிரம்மதேயம் அல்லாத ஊர்களிலும் பின்னாளில் பரவியதைக் காட்டினார். எ. சுப்பராயலு, டோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து, கணினி உதவியுடன் அகரவரிசைப்படுத்தி 1978இல் வெளியிட்டார். 'உடையான்' என்று முடியும் ஒரு பெயர், நிலத்தோடு ஒருவருக்கு இருந்த உறவைச் சொல்லக்கூடும். ஒரு பெயரைத் தனியே பார்த்தால் அது வெறும் பெயர்தான். ஆயிரக்கணக்கில் சேர்த்து, எந்தக் காலத்தில் எந்தப் பட்டம் கூடுகிறது, எது குறைகிறது என்று எண்ணினால் சமூகம் மாறுவது தெரிகிறது. மேற்கோளுக்கு வசதியான ஒரு கல்வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேசும் நம் பழக்கத்துக்கு இது நேர்மாறு.

பிறகு விஜயநகரக் காலத்துக்கும் போனார். 1429இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுசேர்ந்து அதிகாரிகளின் கொடுமைக்கு எதிராகக் கல்லில் பொறித்த தீர்மானங்களை ஆராய்ந்தார். 1995இல் தஞ்சையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அதை நடத்திய ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. 2013இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015இல் காலமானார்.

இதையெல்லாம் படித்த பிறகு என் பாடத்தை மாற்றினேன். முதல் முயற்சி சறுக்கியது. நிலவுடைமையைப் புரியவைக்கலாம் என்று எண்ணி, வீட்டிலிருந்து பட்டா, சிட்டா நகல் கொண்டுவரச் சொன்னேன். பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து தலை குனிந்து நின்றார்கள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு முதல் அதை விட்டுவிட்டேன்.

இப்போது வகுப்பை மூன்றாகப் பிரிக்கிறேன். ஒரு குழு சபை, ஒரு குழு ஊர், மூன்றாவது குழு இரண்டிலும் இடம் இல்லாத கூலியாட்கள். முதல் இரு குழுக்களும் ஒரு நில விற்பனை ஓலை எழுத வேண்டும். விற்பவர், வாங்குபவர், நான்கு எல்லை, சாட்சி எல்லாம் இருக்க வேண்டும். மூன்றாவது குழு அந்த ஓலைகளை வாங்கிப் படித்து, தங்களைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். உத்திரமேரூர்க் குடம் இதற்குப் பிறகுதான் வரும். "நாங்க இதுல எங்கயும் இல்லையே சார்" என்று மூன்றாவது குழு ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறது. அந்த இடத்திலிருந்துதான் நிருவாகப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

திருவரங்கத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதி முழுவதும் திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளே. தமிழ்க் கல்வெட்டுகளின் மூலம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. நிலம் பற்றிய ஒரு கல்வெட்டை முன்கூட்டியே படியெடுத்துக்கொண்டு போங்கள். இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், பிள்ளைகளை உட்காரவைத்து, யார் கொடுத்தார், யார் பெற்றார், எல்லையில் யார் என்ற மூன்றை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.