கல்லாவில் ஒரு மணியோசை

வணிக அன்பர்கள் பலருக்கு மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத்தான். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால், சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து கல்லாவிலேயே மயக்கம் வரலாம். கைபேசிச் செயலியில் மாத்திரை, சாப்பாடு, தண்ணீர் மூன்றுக்கும் மணியடிக்க வையுங்கள். காசு கேட்கும் செயலி வேண்டாம், அலாரமே போதும்.

நடையையும் கைபேசி எண்ணும். பத்தாயிரம் அடி என்று மலைக்காதீர்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' கருவியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். அந்தக் கணக்கு பரவியது அப்படித்தான். வியாபாரிகளுக்கு இந்தச் சூட்சுமம் புரியும்! கடைத்தெருவை ஒரு சுற்று வந்தாலும் லாபமே.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கெடுதலில்லை என்றும் கண்டார்கள். வாடிக்கையாளர் நிற்கையில் மணியடித்தால், தராசைப் பக்கத்து ஆளிடம் விட்டு எழுந்து சாப்பிடப் போங்கள்.