புற்றுநோய் ஆய்வுக்கு ஓர் எடைக்கல்



மருத்துவப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். சில நாள்களில் முடிவுத்தாள் கைக்கு வருகிறது. அதில் 'சி.இ.ஏ.' என்னும் எழுத்துகளும் அவற்றின் எதிரே ஓர் எண்ணும் காணப்படுகின்றன. அந்த எண் எதனை அளக்கிறது? அதனை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் இன்று விடை காண்போம்.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். கனடாவின் மொன்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டில் இதனைப் பற்றி வெளியிட்டனர். பெருங்குடல் புற்றுநோயாளியின் கட்டியையும், அதே குடலில் நோயில்லாத பகுதியையும் அவர்கள் ஒப்பிட்டனர். கட்டியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாயின. அவற்றுள் நல்ல குடலைப் பற்றிக்கொள்பவற்றை நீக்கிவிட்டனர். எஞ்சியவை கட்டியைப் பற்றின. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் குடலிலும் இதே பொருள் இருந்தது. ஆகவே புற்று, கரு ஆகிய இரண்டையும் சேர்த்தே அதற்குப் பெயரிட்டனர். நல்ல குடலிலும் இப்புரதம் சிறிதளவு உண்டு என்பது பின்னரே தெரியவந்தது.

இதனை இரத்தத்தில் அளப்பது எளிதன்று. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 5 நானோகிராம் வரை இருப்பதைப் பொதுவாக இயல்பான அளவு என்பார்கள். இவ்வளவு நுட்பமான அளவைக்குச் சரியான எடைக்கல் வேண்டுமல்லவா? பால் கொட்டகைத் தராசு எவ்வளவு நல்லதாயினும் எடைக்கல் பொய்யானால், பால்மரம் வெட்டுபவரின் கூலியும் பொய்யாகிவிடும். ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். அளவு தெரிந்த தூய புரதத்தை முதலில் சோதித்து, அதனோடு ஒப்பிட்டுத்தான் மற்ற மாதிரிகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

தொடக்கத்தில் இந்தப் புரதத்தை நோயாளிகளின் கட்டிகளிலிருந்தே பிரித்தெடுத்தனர். கட்டிக்குக் கட்டி அதன் அளவு மாறும்; வேறு புரதங்களும் கலந்திருக்கும். 1987ஆம் ஆண்டளவில் இப்புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்துப் படித்துவிட்டனர். அதன் பிறகு வேறு வழி பிறந்தது. நாட்டு ரப்பர்க் கன்றில் நல்ல இன மொட்டை ஒட்டுக்கட்டுவதுபோல, இந்த மரபணுவை ஆய்வுக்கூடத்தில் வளரும் உயிரணுக்களுக்குள் புகுத்துகிறார்கள். அவை நமக்கு வேண்டிய புரதத்தை உற்பத்தி செய்கின்றன.

இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்க முடிந்தது. சி.இ.ஏ. அப்படிப்பட்டதன்று. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி, புரதத்தின்மீது ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பொருள்களே. மனித உயிரணு ஒட்டுகிற முறையில் அவற்றைச் சாதாரண பாக்டீரியா ஒட்டுவதில்லை. ஆதலால் மனித உயிரணுக்களையோ வேறு பாலூட்டிகளின் உயிரணுக்களையோ பயன்படுத்துகிறார்கள். இயல்பாக இப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்கும். நங்கூரப் பகுதியை நீக்கிவிட்டால், அது வளர்ப்புத் திரவத்தில் வெளியேறும். புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை வரிசையாக ஆறு முறை சேர்ப்பதும் உண்டு. நிக்கல் உலோகம் அந்த வாலைப் பற்றிக்கொள்ளும், மற்றவை கழுவப்பட்டுவிடும்.

இவ்வாறு கிடைக்கும் தூய புரதம் அளவைக் கருவிகளைச் சரிபார்க்க உதவுகிறது. புற்றணுவைத் தேடிப் பற்றக்கூடிய எதிர்ப்பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும், நோயெதிர்ப்பு அணுக்களின் செயலை ஆராயவும் பயன்படுகிறது. ஆய்வுக்கென விற்கப்படும் இப்பொருள் மருந்தன்று. மனிதர்க்குச் செலுத்தத் தக்கதும் அன்று.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். எடைக்கல் சரியாக இருந்தால் புரதத்தின் அளவு சரியாகத் தெரியும். ஆனால் அது ஏன் கூடியது என்பதைத் தராசு சொல்லாது. புகைபிடிப்போருக்கும், கல்லீரல் நோய், குடல் அழற்சி உள்ளோருக்கும் புற்றுநோய் இல்லாமலேயே இந்த அளவு கூடக்கூடும். மறுபுறம், ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு எண் இயல்பாகவே இருக்கும். ஆகையால் நலமாக இருப்பவரிடம் நோயைத் தேட இப்பரிசோதனை ஏற்றதன்று. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து கண்காணிக்கவே மருத்துவர்கள் இதனைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். இறங்கிய எண் மறுபடியும் ஏறினால், நோய் திரும்பியதா என்று ஆராய்வார்கள்.

எனவே நேயர்களே, எண் சற்றுக் கூடியிருந்தால் கலங்கிவிட வேண்டாம். மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். எண் இயல்பாக இருக்கிறது என்று எண்ணி, மலத்தில் இரத்தம் போவதை 'மூலமாக இருக்கும்' என்று விட்டுவிடவும் வேண்டாம். மலம் கழிக்கும் வழக்கம் மாறி நீடித்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் காலம் கடத்தாமல் மருத்துவரை நாடுங்கள். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் பரிசோதனையும், குழாய்க் கருவி மூலம் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கின்றன. வேளையோடு கண்டறிந்தால் இந்நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.